ஐயாவைக் காட்டிக்கொடுத்தவர்

ஐயாவின் அரிக்கன் லாம்பில் மூன்று பக்கம் கறுப்புக் கடதாசி ஒட்டியிருந்தது. யுத்த காலத்தில், கடலோர வீடுகளிலிருந்து வெளிச்சம் தெரியக்கூடாது என்று கட்டளை வந்த பிறகு, அவரே கோதுமை மாவில் பசை காய்ச்சி ஒட்டியது. நாலாவது பக்கத்தில் ஒரு தீப்பெட்டி அகலத்துக்கு இடைவெளி விட்டிருந்தார். தூண்டில் முள்ளில் இறால் குத்துவதற்கு அவ்வளவு வெளிச்சம் போதும் என்பார். பிறகு அந்த இடைவெளியைப் பற்றித்தான் பொலிசார் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வெளிச்சத்தை மறைக்க நினைத்தவன் நாலு பக்கமும் மூடியிருப்பான், ஒரு பக்கத்தை மட்டும் திறந்து வைத்தவன் கடலில் நிற்கிற யாருக்கோ காட்டத்தான் வைத்திருக்கிறான் என்பது அவர்கள் வாதம். அந்த லாம்பைக் கொண்டுபோனார்கள், திருப்பித் தரவேயில்லை.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை ரெயில் பாதையில் போய் முடியும். பாதைக்கு அப்பால் கற்பாறைகள், அதற்கு அப்பால் கடல். ஐயா அந்த வீட்டை வாடகைக்கு எடுத்ததே அந்தக் கற்பாறைகளுக்காகத்தான் என்று அம்மா சொல்லுவா. துறைமுகப் பக்கத்தில் ஒரு கப்பல் கொம்பனியில் அவருக்குக் கிளாக்கர் வேலை. பகல் முழுவதும் சுவருக்குள் இருந்துவிட்டு வருகிற மனிதருக்கு, காற்றும் வெளியும் இல்லாவிட்டால் உடம்பில் ஏதோ குறைகிறது போலிருக்கும். விடுமுறை வந்தால் எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு பொல்கொடை வாவிக்கரைக்குப் போய்விடுவார். சோற்றுப் பார்சலைப் பிரித்துவைத்துவிட்டு, தூரக்கண்ணாடியால் நீர்க்காகங்களைப் பார்த்தபடி பாதிச் சோற்றை மறந்துபோவார். மற்ற நாட்களில் விடியப்புறம் எழும்பி, மீன் போடுகிற பறியையும் தூண்டில் தடியையும் எடுத்துக்கொண்டு பாறைக்குப் போய், கந்தோர் வேலைக்குப் போகிற ரெயிலுக்கு முன் திரும்பி வந்துவிடுவார்.

மீன் கொண்டுவந்தால் கிணற்றடியில் இருந்து அவரே செதில் சீவி வெட்டிக் கழுவித்தான் அம்மாவிடம் கொடுப்பார். அம்மாவுக்கு விளைமீன் தலை விருப்பம் என்பதால் தலையைத் தனியாக ஒரு சிரட்டையில் வைப்பார். அம்மாவும் சோற்றுக் கோப்பை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால்தான் சாப்பாட்டில் கை வைப்பார். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. ஒழுங்கையில் சிலர் இதைச் சொல்லிச் சிரித்ததும் உண்டு. மனைவி பிள்ளைகள் கேட்ட எதையும் அவர் மறுத்ததாக எனக்கு நினைவில்லை. பாறைக்குப் போகவேண்டாம் என்று கேட்டபோது மட்டும் மறுத்தார்.

ஈஸ்டர் ஞாயிறன்று யப்பான் விமானங்கள் வந்து கொழும்பில் குண்டு போட்டன. அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கையில் பாதி வீடுகள் காலியாகிவிட்டன. யாழ்ப்பாணத்துக்குப் போகிற ரெயிலில் ஏற இடமில்லை. அம்மாவின் தமையன், எங்கள் மாமா, இரண்டு தெரு தள்ளி இருந்தவர், என் இரண்டு தங்கைமாரையும் ஊருக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். எனக்கு அப்போதுதான் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் உபாத்தியாயர் வேலை கிடைத்திருந்தது, நான் போகவில்லை. ஐயாவை விட்டுவிட்டுப் போகமாட்டேன் என்று அம்மாவும் இருந்துவிட்டா.

கடற்கரை நெடுகலும் முள்ளுக்கம்பி போட்டார்கள். பட்டாளத்துப் பொடியன்கள் துவக்கோடு காவல் நின்றார்கள். ஐயாவோ கம்பியில் ஒரு நுழைவைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டு முன்போலவே போய்வந்தார். தெகிவளைப் பக்கத்தில் யாரோ ஒருவரைக் காவல்காரர்கள் சுட்டுவிட்டார்கள் என்று ஒரு நாள் கதை வந்தது. உண்மையோ பொய்யோ தெரியாது. அம்மா அன்று சமைக்கவில்லை.

"இஞ்சாருங்கோ, உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், கொஞ்ச நாளைக்கு விட்டிடுங்கோ," என்றா.

"என்னை அந்தப் பொடியளுக்கு நல்லாத் தெரியும். நீர் பயப்பிடாதையும்," என்று ஐயா சொன்னார். மறுநாள் விடியவும் போனார்.

அதன் பிறகு ஒரு கிழமைகூடக் கழிந்திராது. காலைத் தேநீர் குடித்துக்கொண்டிருந்த நேரம் பொலிஸ் வாகனம் ஒன்று எங்கள் படலையில் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். வீட்டைச் சோதித்தார்கள். லாம்பு, தூண்டில் தடி, பறவை பார்க்கிற தூரக்கண்ணாடி எல்லாவற்றையும் மேசையில் அடுக்கிவைத்துப் பார்த்தபோது, எங்கள் வீட்டுச் சாமான்கள் எனக்கே வேறு மாதிரித் தெரிந்தன. துறைமுகத்தில் வேலை, எந்தக் கப்பல் எப்போது வரும் என்று தெரிந்த மனிதர், விடியப்புறத்தில் லாம்போடு பாறையில் நிற்கிறார். இதற்குமேல் அவர்களுக்கு என்ன வேண்டும்? ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அம்மா அழவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "எத்தினை மணிக்கு விடுவினம்? புத்தி சொல்லிப்போட்டு விட்டிடுவினம்தானே?" என்று அந்த இன்ஸ்பெக்டரிடமும் பிறகு என்னிடமும் கேட்டபடி நின்றா. அதிர்ச்சியில் கேட்கிறா என்று நான் நினைத்தேன்.

அன்று பின்னேரமே மாமா வந்துவிட்டார். ஐயாவை எப்படி வெளியே எடுப்பது என்பதைவிட, யார் காட்டிக்கொடுத்தது என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது. யாரோ போய்ச் சொல்லாமல் பொலிஸ் வந்திராது, லாம்பில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்பதுகூட அவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கிறது என்றார். அந்தப் பேச்சோடு எங்கள் ஒழுங்கையே மாறிப்போயிற்று. பால்காரன் படலையில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் ஏன் நிற்கிறான் என்று பார்த்தேன். எதிர்வீட்டுப் பறங்கி அம்மா யன்னல் திரையை இழுத்துவிட்டால் அதற்கும் ஒரு காரணம் இருக்கவேண்டும் என்று தோன்றியது. வெளிச்சத்தைக் கண்காணிக்கிற வார்டன் எங்கள் ஒழுங்கை மூலையில்தான் குடியிருந்தார். அவர் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். பள்ளிக்கூடத்தில் இரண்டு உபாத்தியாயர்கள் பேசிக்கொண்டிருந்துவிட்டு நான் வந்ததும் நிறுத்தினார்கள். யாரைப் பார்த்தாலும் இவர்தானோ என்று நினைக்கத் தொடங்கினால், பிறகு அந்த நினைப்பை நிறுத்துவதற்கு வழியே இல்லை.

கடைசியில் மாமாவின் விரல் எங்கள் முன்னறையை நோக்கித்தான் நீண்டது. அந்த அறையில் ஒரு வாலிபர் வாடகைக்கு இருந்தார். கொட்டாஞ்சேனைக்காரர், வேதக்காரர், தந்திக் கந்தோரில் வேலை. துறைமுகத்தில் குண்டு விழுந்த பிறகு அவருடைய தாயும் சகோதரிகளும் நீர்கொழும்புக்குப் போய்விட, அவர் எங்கள் பக்கம் வந்திருந்தார். ஒழுங்கைச் சனத்துக்கு அவர் தந்திக்காரர். அம்மாவை அக்கா என்றும் ஐயாவை அண்ணன் என்றும் கூப்பிடுவார். கடல் எப்போது வற்றும், எப்போது பெருகும் என்று ஐயாவிடம் கேட்பார். இரண்டொரு முறை பாறைக்கும் கூடப் போயிருக்கிறார். இதெல்லாம் அதுவரை சினேகமாகத் தெரிந்தது. இப்போது வேவு பார்த்ததாகத் தெரிந்தது. வந்து சில மாதந்தான், எங்கிருந்து வந்தவர் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, தந்திக் கந்தோரில் வெள்ளைக்காரரோடு பழக்கம். மாமா சொல்லச் சொல்ல நானும் நம்பினேன்.

மாமா அவரைக் கூடத்துக்குக் கூப்பிட்டு நேரே கேட்டார்.

"நான் யாருக்கும் ஒன்னும் சொல்லல்ல," என்றார் தந்திக்காரர்.

அப்படிச் சொல்லிவிட்டு ஒரு தரம் அம்மாவைப் பார்த்தார். குசினி வாசலில் நின்ற அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டா. அவருடைய அந்தப் பார்வையைக் குற்றமுள்ளவனின் பார்வை என்று நான் எடுத்துக்கொண்டேன். பின்னேரத்துக்குள் அறையைக் காலி செய்யும்படி மாமா சொன்னார். அவர் ஒன்றும் எதிர்த்துப் பேசவில்லை, தகரப் பெட்டியைக் கட்டினார். புறப்படுகிற நேரம் அம்மா இடியப்பமும் சம்பலும் வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தா. மாமாவுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. எனக்கும் அம்மாவின் மேல் எரிச்சலாக இருந்தது. யாரையும் வெறுக்கத் தெரியாத மனுசி என்று நினைத்தேன்.

சில நாட்களில் ஐயாவை விட்டுவிட்டார்கள். கந்தோரில் அவருக்கு மேலிருந்த வெள்ளைக்காரத் துரை வந்து பேசியதால் வேலையும் போகவில்லை. கடற்கரைப் பக்கம் மட்டும் இனிக் கால் வைக்கக்கூடாது என்று உத்தரவு. மெலிந்து, தாடி வளர்ந்து வந்து படியேறிய மனிதரைக் கண்டதும் அம்மா அவருடைய சப்பாத்தைக் கழற்றுவதற்குக் குனிந்தவ நிமிரவேயில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதா. ஐயா அவவின் தலையில் கை வைத்தபடி நெடுநேரம் இருந்தார். மாமா தந்திக்காரரின் கதையைத் தொடங்கினார். "விடுங்கோ," என்று மாத்திரம் ஐயா சொன்னார். எவ்வளவு கேட்டும் அதைப்பற்றி அவர் வாய் திறக்கவில்லை.

எனக்கு அது பிடிபடவில்லை. தன்னைக் காட்டிக்கொடுத்தவன் யாரென்று அறிய ஒரு மனிதனுக்கு ஆசை இராதா? சில கிழமைகள் கழித்து, ஒரு புதுத் தடி செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் காலையில் புறப்பட்டார். எங்கே என்று கேட்டால், "ஆத்துப் பக்கம்," என்பார். நானும் வரட்டோ என்று கேட்டபோது வெயில் கூட என்று தட்டிக்கழித்தார். எங்களையெல்லாம் இழுத்துக்கொண்டு போகாவிட்டால் சந்தோசப்படாத மனிதர் இப்போது தனியே போனார். பறியில் பாறையடியில் படுகிற விளையும் பாரையும் இல்லை, ஆற்றுமுகத்துக் கொடுவா வந்தது. அங்கே கப்பல் ஒன்று மூழ்கியது, இங்கே ஒருவனைப் பிடித்தார்கள் என்று நாளுக்கொரு வதந்தி வந்த காலம். ஒவ்வொன்றையும் ஐயா வெளியே போன நாட்களோடு ஒட்டிவைத்துப் பார்க்கத் தொடங்கினேன். சொல்லவே நாக் கூசுகிறது, ஆனாலும் அதுதான் உண்மை. பொலிசார் சொன்னதில் ஏதும் இருக்குமோ என்று எனக்குள் ஒரு புழு நெளிந்தது. அம்மாவும் அவர் போன திசையைப் பார்த்தபடி நிற்பா. "ஆரோடை போறார் எண்டு உனக்கு ஏதும் சொன்னவரோ?" என்று ஒரு நாள் என்னிடம் கேட்டா. அந்தக் குரலில் பயம் இருந்தது. அவவுக்கும் என் சந்தேகந்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடப் படிப்பிக்கிறவ ஒருத்தியின் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஆறு அந்தப் பக்கந்தான்; கொடுவா எங்கே பிடிபடும் என்று விசாரித்து விசாரித்து முகத்துவாரத்துக்கு நடந்தேன். ஆறு கடலில் விழுகிற இடம். ஆற்றங்கரையில் கவிழ்த்துவைத்த வள்ளங்களுக்குப் பக்கத்தில் ஐயா தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில், காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டபடி, தந்திக்காரர் இருந்தார். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். இவர்கள் இருவரும் ஒன்றாகத்தான் ஏதோ செய்திருக்கிறார்கள், அது வெளியே வராமலிருக்கத்தான் வீட்டில் அந்தக் கூத்தெல்லாம் நடந்திருக்கிறது என்று ஒரு நொடியில் முடிச்சுப் போட்டுவிட்டேன்.

என்னைக் கண்டதும் தந்திக்காரர் எழும்பி, இறால் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு அப்பால் போனார். ஐயா தடியைக் கரையில் ஊன்றிவைத்தார்.

"இவர்தானே உங்களைக் காட்டிக்குடுத்தவர்? இவரோடை உங்களுக்கு என்ன கதை?" என்று கேட்டேன்.

"இவர் இல்லைப் பிள்ளை."

"அப்ப ஆர்?"

பிடித்துக்கொண்டுபோன இரண்டாம் நாள் நடந்ததை மெல்ல மெல்லச் சொன்னார். அடைத்துவைத்திருந்த இடத்துக்கு இன்ஸ்பெக்டர் ஒரு சாய்மனைக் கதிரையைத் தூக்குவித்துக்கொண்டு வந்தாராம். ஐயாவைப் பற்றி முதலில் அறிவித்த ஆள் வார்டனிடம் மறுபடியும் வந்து அழுததாம். இவருக்குத் தொய்வு இருக்கிறது, நிமிர்ந்து படுத்தால் மூச்சு வராது, சாய்ந்து இருந்தால்தான் நித்திரை கொள்வார், கதிரை ஒன்று கொடுக்கச் சொல்லுங்கள் என்று கெஞ்சியதாம். இவ்வளவு அன்போடு காட்டிக்கொடுக்கிற ஓர் ஆளை என் சேவையில் கண்டதில்லை என்று இன்ஸ்பெக்டர் சிரித்தாராம்.

"நான் எப்பிடி நித்திரை கொள்ளுறனான் எண்டு ஆருக்குப் பிள்ளை தெரியும்?" என்று ஐயா கேட்டார்.

காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. சரியாகக் கேட்கவில்லை என்று நடிக்கலாம் போலிருந்தது. ஐயா எனக்கு இடம் விட்டு நகர்ந்து இருந்தார். பிறகு அவரே பேசினார். "என்னைச் சுட்டுப்போடுவாங்கள் எண்டு பயந்துபோனா. வார்டன் வந்து ரெண்டு வார்த்தை வெருட்டினால் நான் அடங்குவன் எண்டு நினைச்சிருக்கிறா. இப்பிடிப் பொலிஸ் வரும் எண்டு அவவுக்குத் தெரியாது. அவ சொன்னதை நான் கேட்டிருந்தால் அவ ஏன் அங்கை போறா?"

"அம்மாவிட்டை ஏன் கேக்கேல்லை?"

"கேட்டால் அவவாலை பிறகு அந்த வீட்டிலை நிம்மதியா இருக்கேலாது. எனக்குத் தெரியும் எண்டது கொம்மாவுக்குத் தெரியவேண்டாம்."

தந்திக்காரருக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். என் வீட்டு ஆட்கள் உமக்கு அநியாயம் செய்துவிட்டார்கள் என்று மட்டும் அவரைத் தேடிப் போய்ச் சொன்னதாகவும், அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை என்றும் சொன்னார். அன்றைக்குப் பிடித்த கொடுவாவை இரண்டாக வெட்டி, பாதியைத் தந்திக்காரரிடம் கொடுத்துவிட்டு, நானும் ஐயாவும் ஒன்றாக வீட்டுக்கு வந்தோம். அம்மா எங்கள் இருவரின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தா. ஆத்தில் நல்ல மீன் என்று ஐயா சொன்னார்.

யுத்தம் முடியும்வரை அந்த வீட்டில் நான் பார்த்தது ஒரு விசித்திரமான வாழ்க்கை. படலையில் வாகனச் சத்தம் கேட்டால் அம்மாவின் கை நின்றுவிடும். ஐயா கொஞ்சம் மௌனமாக இருந்தால் அவருக்குத் தெரிந்துவிட்டதோ என்று அவரைப் பார்ப்பா. அது ஐயாவுக்கு விளங்கும், உடனே எதையாவது கதைக்கத் தொடங்குவார். அவர் காட்டிய அன்பில் எது இயல்பு, எது அவவைத் தேற்றுவதற்காக என்று என்னால் பிரிக்க முடியவில்லை. மாமா வந்து தந்திக்காரரைத் திட்டும்போதெல்லாம் அம்மா எழும்பிக் குசினிக்குள் போய்விடுவா.

கடற்கரையில் முள்ளுக்கம்பியைச் சுருட்டி எடுத்த பிறகு ஒரு நாள், வருகிற ஞாயிறு மத்தியானம் ஓர் ஆளைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறேன் என்று ஐயா சொன்னார். யாரென்று அம்மா கேட்டா. பெயரைச் சொன்னார். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகை மடியில் வைத்துவிட்டு, "என்ன மீன் விருப்பமாம்?" என்று கேட்டா.

தந்திக்காரர் வெள்ளை உடுப்போடு வந்தார். கொஞ்சம் பருத்திருந்தார், கலியாணப் பேச்சு நடப்பதாகச் சொன்னார். அம்மா பார்த்துப் பார்த்துப் பரிமாறினா. சாப்பிட்டு முடித்து அவர் கை கழுவப் பின்பக்கம் போனபோது, செம்பை எடுத்துக்கொண்டு அவவே போய்த் தண்ணீர் வார்த்தா. நானும் ஐயாவும் பின்வாசலில் நின்றோம். வார்த்துக்கொண்டிருந்த தண்ணீர் நின்றது.

"தம்பி, அண்டைக்கு வார்டனிட்டைப் போய்ச் சொன்னது நான்," என்றா அம்மா.

ஐயா ஓர் அடி முன்னே வைத்தார். தந்திக்காரர் ஈரக் கையோடு அப்படியே நின்றார்.

"தெரியும் அக்கா," என்றார். "நான் காலை வேல முடிஞ்சு வாற நேரம் நீங்க அந்த வீட்டுக்குள்ள போனீங்க. நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னேன்."

"தெரிஞ்சுகொண்டோ பெட்டியைக் கட்டினனீர்? ஏன் தம்பி அண்டைக்கே சொல்லேல்லை?"

அவர் கைலேஞ்சியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"சொன்னா, அண்ணன் எந்த வீட்டுக்குத் திரும்பி வாறது அக்கா?"

நான் ஐயாவைப் பார்த்தேன். இத்தனை வருடமாக ஞாயிறு தவறாமல் பக்கத்தில் இருந்து மீன் பிடித்த மனிதர் இதை மனதில் வைத்துக்கொண்டிருந்தார் என்பது ஐயாவுக்கும் அப்போதுதான் தெரிந்தது. அவர் முகம் கோணிப்போயிற்று. அழப்போகிறார் என்று நினைத்தேன். அம்மா மெதுவாக ஐயாவின் பக்கம் திரும்பி, "உங்களுக்கும் தெரியும் என்ன?" என்று கேட்டா. அவர் ஓமென்று தலையை மட்டும் அசைத்தார். அம்மா செம்பைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, அங்கேயே நிலத்தில் இருந்துவிட்டா.

இப்போது அவர்கள் மூவரும் இல்லை. எனக்கு அம்மாவின் அன்றைய வயதைவிட அதிகம். ஒருவர் என்னிடம் மிகவும் அன்பாக நடந்தால், எதையோ மறைக்கிறாரோ என்றுதான் எனக்கு இன்றைக்கும் முதலில் தோன்றும். அந்த வீட்டில் பழகிய பழக்கம், விடமுடியவில்லை. அப்படித் தோன்றும்போதெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரத்தையும் நினைத்துக்கொள்வேன். வெயில் தாழ்ந்த பிறகு ஐயா அம்மாவின் செருப்பை எடுத்துவந்து காலடியில் வைத்தார். கடலடியில் குடியிருந்தும் அம்மா ஒரு நாளாவது ரெயில் பாதையைத் தாண்டிப் பாறைப் பக்கம் போனதில்லை. அன்று போனா. தண்டவாளத்தைக் கடக்கும்போது ஐயா ஒரு கையையும் தந்திக்காரர் மற்றக் கையையும் பிடித்திருந்தார்கள். ரெயில் வருகிறதா என்று மூன்று பேரும் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனதை நான் படலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.